வறுத்த உப்பு

சாரல் பிடித்துவிட்டால் மதினி வீட்டு வாசல்படியிலிருந்து தண்ணீர் ஒரு கோடு போலக் கசிந்துகொண்டே இருக்கும். குற்றாலத்தில் தூறுகிற ஈரம் தென்காசி வரைக்கும் காற்றில் வரும். அதைக் குடித்துவிட்டு அவள் வீட்டு உப்பு மூட்டைகள் விடுகிற தண்ணீர் அது. தெருவில் போகிறவர்கள், "என்ன, ஒங்க உப்பு இப்படி ஒழுகுதே, பாதி தெருவுக்கே போயிரும் போலிருக்கே" என்று கேட்டால் மதினி சிரிப்பாள்.

"அழுதா அழுதுட்டுப் போட்டும். உசிருள்ளது அழத்தான செய்யும்?"

உப்புக்கு உயிர் உண்டு என்று அவள் நம்பினாள். கடலில் பிறந்து, வெயிலில் விளைந்து, மனுஷக் கால் மிதித்து வருகிற உப்பு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது என்பது அவளுக்குச் சத்தியம். கோயிலுக்குப் போவாள், கொடைக்கு வரி கொடுப்பாள். ஆனாலும் அவள் மனசறிந்து கும்பிட்டது உப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

அவளுக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரே வளவில் ஒட்டி இருந்த இரண்டு வீடு, நடுவில் ஒரு மண் சுவர். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே அவளை அக்கா என்று கூப்பிட்டார். அதனால் எனக்கு மதினி. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்தவள், இங்கே வாக்கப்பட்டு வந்தாள். நான் கல்யாணமாகி அந்த வளவுக்கு வரும்போது அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ரயிலடியில் வந்து இறங்குகிற உப்பு மூட்டையை வாங்கிச் சந்தையில் குவித்து விற்றாள். படியால் அளந்து போட்டுவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள். அந்தக் கை உப்பைக் கேட்டு வாங்கினால் பிடிக்காது. "நானா போட்டாத்தாம்லே அது கொசுறு. நீ கேட்டா அது பிச்சை" என்பாள்.

பல்வலி என்று யார் வந்தாலும் இரண்டு கல் உப்பைக் கடித்துக்கொள்ளச் சொல்வாள். கால் பிசகினால் துணியில் உப்பை முடிந்து சுட வைத்து ஒத்தடம். தொண்டைக் கட்டுக்கு வெந்நீரில் உப்பு. பிள்ளை காரணமில்லாமல் அழுதால் தலையைச் சுற்றி அடுப்பில் போடச் சொல்வாள். அது வெடிக்கிற சத்தத்தை வைத்து, "அந்தா, மேலத்தெருக்காரி கண்ணுதான்" என்று ஆளையும் சொல்லிவிடுவாள். வலி போனால் உப்பு தீர்த்தது. போகாவிட்டால் வந்தவனுக்குப் பொறுமை இல்லை. "உப்புல குத்தம் வராது, ஏட்டி. கைலதான் குத்தம் வரும்." இதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லுவாள்.

பாட்டில் உப்பு எங்கள் ஊர்ப்பக்கம் வந்த காலம் அது. கடைகளில் அவ்வளவாகக் கிடையாது. சீசனுக்குக் குற்றாலம் வந்து பங்களா எடுத்துத் தங்குகிறவர்கள் மெட்ராஸிலிருந்து கூடவே கொண்டு வருவார்கள். மாவு போல இருக்கும். எனக்குக் கல்யாணமான முதல் சாரலில்தான் அதை முதல்முதலாகப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஜட்கா வண்டி ஓட்டினார். தென்காசி ரயிலடியில் ஆள் ஏற்றிக் குற்றாலத்தில் இறக்குவார். அன்றைக்கு என்னை அருவியில் குளிக்கவென்று கூட்டிப் போனார். மதினியும் பங்களாக்களில் விற்க ஒரு சிப்பம் உப்போடு ஏறிக்கொண்டாள். ஒரு பங்களா வாசலில் வக்கீல் வீட்டு அம்மா ஒருத்தி வந்து பார்த்தாள். பெரிய மனுஷி. நல்லபடியாகத்தான் பேசினாள்.

"எங்களுக்கு இது வேண்டாம்மா. கல்லும் மண்ணுமா இருக்கு. நாங்க சுத்தம் பண்ணின உப்பு கொண்டு வந்திருக்கோம்" என்று சொல்லி, பாட்டிலையே எடுத்து வந்து காட்டினாள்.

மதினி அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "சுத்தம்னா என்னம்மா? கடலுக்குச் சோப்புப் போட்டாவளா?"

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் சிரித்ததும் மதினிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்தச் சாரல்லயும் இது இளகலையே, பாத்தியளா? மணலு கணக்கா ஓடுது. ஏம்மா, பொணந்தான அழாது? செத்த உப்ப வயித்துக்குள்ள போட்டா வயிறு என்னத்துக்கு ஆவும்? நான் சொன்னா நம்பமாட்டிய. ஏலே தம்பி, குதிரைய அவுத்துக் கொண்டா!"

என் வீட்டுக்காரரும் விளையாட்டுப் பிள்ளை மாதிரி குதிரையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு தேக்கிலை. ஒன்றில் பாட்டில் உப்பு, இன்னொன்றில் மதினியின் கல்லுப்பு. குதிரை முதலில் மாவுப் பக்கம்தான் மூக்கை வைத்தது. தூள் மூக்கில் ஏறி அது போட்ட தும்மலில் அந்த அம்மா சேலையெல்லாம் எச்சில். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிக் கல்லுப்பை இலையோடு சேர்த்து நக்கியது.

"யக்கா, குதிர தீர்ப்புச் சொல்லிட்டு!" என்று எண்ணெய்க்காரர் ஒருவர் கத்தினார்.

குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஒரு கம்பவுண்டர் மட்டும் நின்று, "உப்பெல்லாம் ஒண்ணுதான்மா. மண்ணக் கழுவிப் பொடிச்சா பாட்டில் உப்பு. கழுவாட்டா ஒங்க உப்பு. குதிரைக்கு இது பழக்கம், அவ்வளவுதான்" என்றார்.

"ஒமக்கு மருந்து கலக்கத்தான வேய் தெரியும்? உப்பப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் மதினி. மறுபடியும் சிரிப்பு. கம்பவுண்டரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் வண்டிக்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். குதிரை சொன்ன தீர்ப்பு ஒரு வாரத்தில் தென்காசி முழுக்கப் பரவிவிட்டது. மதினியின் குவியலில் அதற்கப்புறம் கூட்டம் இரண்டு மடங்கு.

எனக்கு அப்போது வெளி ஆட்கள் முகம் பார்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறந்தால் நாக்கு உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். என் பேச்சையெல்லாம் மதினிதான் பேசினாள். காய்கறிக்காரி அழுகல் கத்திரிக்காயைத் தள்ளிவிட்டால் மதினி போய்ச் சண்டை போடுவாள். மாமியார் ஊரிலிருந்து வந்து நான் சமைத்த குழம்பைக் குறை சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே பதில் வரும். எனக்குப் பிரசவம் கஷ்டமாகி மருத்துவச்சி கையை விரித்தபோது, வண்டியைப் பூட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவளும் அவள்தான். "டாக்டரய்யா, ரெண்டு உசிரு. பாத்துச் செய்யுங்க" என்று அங்கேயும் அவள்தான் பேசினாள். நானும் என் மகளும் பிழைத்தோம். ஆஸ்பத்திரியை வெறுக்கிறவள் இல்லை அவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கி எழுந்தார். குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்தோம். நாலு நாளில் கால் வீங்கியது. முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து, விழுந்தபடியே இருந்தது. மதினியும் நானுமாக டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பிலிருந்து நீர் பிரிக்கிற உறுப்பு கெட்டிருக்கிறது என்றார். மருந்து எழுதினார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உப்பு ஒரு கல்லுகூட ஆகாது. கருவாடு, ஊறுகா, அப்பளம் எதுவும் வாசல்ல ஏறக் கூடாது. உள்ள உப்பு இருக்கிற வரைக்கும் தண்ணி வெளிய வராது. நான் குடுக்கிற மருந்து பாதி, இது பாதி. தெரிஞ்சுதா?"

நான் தலையை ஆட்டினேன். "அப்படியே செய்யுதோம் அய்யா" என்று மதினி சொன்னாள்.

முதல் எட்டு நாள் அப்படியேதான் செய்தோம். மதினிதான் என்னைவிடக் கண்டிப்பு. ஆனால் உப்பில்லாச் சோற்றை அவரால் தின்ன முடியவில்லை. நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டி, இரண்டு கருவாட்டோடு பழையது குடித்து வளர்ந்த உடம்பு. ஒரு வாய் வைப்பார், கண்ணை மூடி விழுங்குவார், தட்டைத் தள்ளுவார். ஏழாம் நாள் தட்டைச் சுவரில் எறிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல். சத்தம் கேட்டு மதினி ஓடி வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த சோற்றையும், வீங்கிய முகத்தில் அவர் அழுகிறதையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டிலிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். உப்பு துள்ளித் துள்ளி வெடித்தது. வெடித்து முடிந்ததும் சட்டியின் அடியில் வெளுத்த தூளாகக் கிடந்தது.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பத்தியச் சாப்பாட்டில் உப்பை வறுத்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சை உப்பு தள்ளு, வறுத்தது கொள்ளு என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அப்படித்தான் போடுவோம். அதனால் அவள் வறுத்ததில் எனக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்கு அவள் சொன்ன காரணம்தான் புதிதாக இருந்தது.

"ரெண்டு நாளா யோசிச்சேன், ஏட்டி. டாக்டரு என்ன சொன்னாவ? ஒடம்புல தண்ணி நிக்கின்னாவ. உப்பு தண்ணியப் பிடிச்சு வைக்குன்னாவ. வாஸ்தவந்தான். நம்ம மூட்டையே சாரல்ல தண்ணியக் குடிச்சிட்டுத்தான கெடக்கு? இப்பம் பாரு, வெடிச்சிட்டா? உள்ள இருந்த தண்ணி பூராம் போச்சி. இனி இது எங்கன போயி தண்ணி புடிக்கும்? இது உப்பில்லட்டி, மருந்து."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா, மதினி?"

"அவுக வீட்ல பாட்டில் உப்பு. அவுகளுக்கு அந்தச் செத்த உப்பத்தான் தெரியும். வறுத்த உப்ப அவுக கண்டுருப்பாவளா? கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாவ. நீயே போயிக் கேளு, கேட்டுருவியா?"

நான் கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

உப்பை யார் கையிலும் நேராகக் கொடுக்க மாட்டாள், கொடுத்தால் பகை வரும் என்பாள். சின்னக் கிண்ணத்தில் வழித்துப் போட்டு என் அடுப்பு மேட்டில் வைத்தாள். நான் எடுத்து ரசத்தில் போட்டேன்.

அன்றைக்கு அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கினார். "யக்கா, நீதான் டாக்டரு" என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். அந்தப் பக்கமிருந்து, "தின்னுலே ராசா, தின்னு" என்று குரல் வந்தது. மதினி அழுதுகொண்டே சிரித்தது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

ஒரு வாரம் தெளிவாக இருந்தார். சாப்பிட்ட தெம்பு. அப்புறம் வீக்கம் தொடைக்கு ஏறியது. தினமும் காலையில் அவர் தூங்கும்போது காலில் விரலை வைத்து அமுக்கிப் பார்ப்பேன். விரல் நேற்றைவிட இன்று ஆழமாக இறங்கும். ஒரு நாள் அப்படி அமுக்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்தேன். அதுவரைக்கும் அதை நான் தனியாகத் தின்று பார்த்ததில்லை. கரித்தது. எந்த உப்பும் எப்படிக் கரிக்குமோ அப்படியே கரித்தது.

மதினியிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவள் கூடத்தில் முறத்தைப் பரப்பி, மூட்டையிலிருந்து நல்ல நல்ல கல்லாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாட்டி. தம்பிக்குத்தான். பாரு, முத்து கணக்கா இருக்கு. மண்ணு ஒரு பொட்டு கெடையாது" என்று நிமிர்ந்து சிரித்தாள்.

"நல்லாருக்கு, மதினி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் டாக்டரே வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரால் நடக்க முடியவில்லை. காலை அமுக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"உப்புச் சேருதா?"

"ஒரு கல்லு சேக்கல்ல அய்யா. எங்கண்ணாண" என்றாள் மதினி. அவள் பொய் சொல்லவில்லை. அவள் அறிந்தவரை அது உண்மை.

டாக்டர் திரும்பி, கதவு மறைவில் நின்ற என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நீதான சமைக்கிற?"

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. மதினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது. ரசஞ்சோறு நின்றுவிடுமோ என்ற பயம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப இந்த மருந்து கேக்கலை போல" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறு மருந்து எழுதினார்.

அதற்குப் பிறகு நான் அளவைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு நாள் போடாமலே விட்டேன். "இன்னைக்கு மண்ணாட்டம் இருக்கே" என்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளினார். மறுநாள் போட்டேன். டாக்டர் வந்துபோன பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தார். அதில் ஒரு நாள்தான் போடாதது. மற்ற நாளெல்லாம் போட்டேன். ஆவணி பிறந்து சாரல் விட்ட மறுநாள், மூச்சு வாங்கி, உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. சில உடம்பு கேக்கறதில்ல" என்றார். அதுவரைக்கும் கல்லாக இருந்த நான், அதைக் கேட்டதும்தான் அலறினேன்.

உப்பை நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நிறுத்தியும் போயிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ ராத்திரி பார்த்துவிட்டேன். நினைப்பு அதில் நிற்க மாட்டேன் என்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மதினி ஒரே பேச்சைத்தான் பேசினாள். "எந்தம்பி வாய் செத்துப் போவல்ல தாயீ. கடேசி நாளும் ரசஞ்சோறு கேட்டுத் தின்னான். நான் வறுத்துக் குடுத்த உப்பு அது. அந்த ஒரு ஆறுதல் போதும் எனக்கு." வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள மாரி யாரு பாப்பா" என்றார்கள். பதினாறு நாளும் நான் மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

குதிரையையும் வண்டியையும் விற்றோம். மூன்று மாசம் கழித்து மதினி வந்து என் முன்னால் நின்றாள். "உள்ளயே கெடந்தா கிறுக்குப் புடிச்சிரும். எந்திரிட்டி. வந்து உப்பு அள. பிள்ளைக்குச் சோறு வேண்டாமா?" என்றாள். அன்றிலிருந்து சந்தையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விலை பேசுவாள், நான் அளப்பேன். நானும் என் மகளும் தின்ற சோறு அந்த உப்பில் வந்ததுதான்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வறுத்த உப்பின் பேச்சு ஊரில் பரவிவிட்டது. கால் வீங்கியவர்கள், முகம் ஊதியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் என்று டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்ன ஆட்கள் தேடி வந்தார்கள். மதினி பூவரச இலையில் பொட்டலம் கட்டி வைத்திருப்பாள். அதற்குக் காசு வாங்கியதில்லை. "நோய்க்காரங்கிட்ட துட்டு வாங்குனா கை அழுகிரும்" என்பாள். பொட்டலத்தைப் பலகையில் வைத்துவிட்டுச் சொல்லுவாள்: "எந்தம்பி இதத் தின்னுதான் அத்தன நாளு தெம்பா கெடந்தான். இந்தா, அவன் பெஞ்சாதியே இருக்காளே, கேளுங்க."

அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் படியில் உப்பைத் தட்டிச் சமன் பண்ணிக்கொண்டிருப்பேன். எதிர்த்துப் பேசாததே சாட்சியாகிவிடும். இப்படி எத்தனை பேர் வாங்கிப் போனார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து, போன மாசம் என் மகள் ரோஸ் நிறத்தில் ஒரு உப்பு வாங்கி வந்து, "இது இயற்கை உப்பும்மா, பிரஷர் உள்ளவங்களுக்கு எவ்வளவு சேத்தாலும் ஒண்ணும் செய்யாதாம்" என்று சொன்னபோது, அந்தப் பூவரச இலைதான் எனக்குக் கண்ணில் வந்தது. "உப்பு உப்புதான்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது, வடகரையிலிருந்து ஒரு பெண் சந்தைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அதுவும் ஐந்து வயதுதான் இருக்கும். முகம் ஊதி, இரண்டு கண்ணும் கீறல் போல இருந்தன.

"யக்கா, ஒங்கட்ட வறுத்த உப்பு இருக்குன்னாவ. டாக்டரு உப்பே ஆகாதுன்னுட்டாரு. இவ ஒரு வாயி தின்ன மாட்டுக்கா. ஒரு வாரமா பட்டினி" என்று சொல்லி அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாத தாயீ. பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது" என்று மதினி பொட்டலத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். "எந்தம்பி இதத் தின்னுதான்..."

குழந்தையின் கால் என் முகத்துக்கு நேராகத் தொங்கியது. நான் என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டி அந்தக் காலில் விரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்தது. விழுந்தபடியே இருந்தது.

"அது உப்புதான்" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்துக் கருப்பட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னது?" என்றாள் மதினி.

"வறுத்தாலும் உப்புதான், மதினி. எங்க வீட்டுக்காரவிய இதத் தின்னுதான் செத்தாவ. யம்மா, குடுக்காத. பிள்ள பட்டினி கெடந்தாலும் கெடக்கட்டும். டாக்டரு சொன்னதச் செய்யி."

வடகரைக்காரி என்னைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். தொட்ட பொட்டலத்தை விட்டுவிட்டுக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். டாக்டர் பேச்சைக் கேட்டாளா, வேறு எங்காவது போனாளா, குழந்தை பிழைத்ததா, எனக்குத் தெரியாது.

மதினி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அத்தனை வருஷமாக வறுத்துக் கொடுத்தவள், மருந்தாயிற்றே என்று ஒரு நாளும் தின்று பார்த்திருக்க மாட்டாள். அவள் முகம் எனக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக வயதானது.

"ஒனக்கு எப்பம் தெரியும்?" என்று பையக் கேட்டாள்.

"டாக்டரு வீட்டுக்கு வந்தாவள்லா... அதுக்கு மொத நாளு."

"பொறவும் போட்டியா?"

"போட்டேன்."

"டாக்டரு ஒம்மூஞ்சியப் பாத்துல்லாட்டி கேட்டாவ? நான் கூமுட்ட, எனக்குத் தெரியல்ல. தெரிஞ்ச நீ ஏன் சொல்லல்ல? எங்கிட்டயாது சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அவியளுக்குன்னு கல்லு கல்லாப் பொறுக்கிக்கிட்டு இருந்திய. ஒங்க மனசு நொந்துருமேன்னு..."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. நான் அடிக்குத்தான் காத்திருந்தேன்.

"எம்மனசு நொந்துரும்னு" என்று சொல்லி நிறுத்தினாள். "எம்மனசு நொந்துரும்னு எந்தம்பிய சாவ விட்டியாட்டி?"

அந்தப் பூவரசம் பொட்டலங்கள் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றையும் மடியில் வாரிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்குப் போனாள். திரும்பி வரும்போது மடி நனைந்திருந்தது. மிச்ச நேரம் முழுக்க விலை பேசினாள். நான் அளந்தேன். மேலே ஒரு கை அள்ளிப் போட அன்றைக்கும் மறக்கவில்லை.

அவள் இனி என்னைச் சேர்க்க மாட்டாள் என்று நினைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்த துணிகளை மூட்டை கட்டி வைத்தேன். மறுநாள் காலையில் எப்போதும் போல வந்து கதவைத் தட்டினாள்.

"சந்தைக்கு நேரமாச்சி. வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு அளந்தேன். என் மகளுக்குச் சடங்கு வைத்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். ஒரு நாள்கூட என்னை 'வா' என்று அவள் கூப்பிடவில்லை.